பெல் அடிச்சுட்டா ஸ்கூலுக்குப் பொறுப்பு முடிஞ்சுதுங்களா? (2ஆம் வகுப்பு பையன், திருப்பூர்)

நூல்கண்டு – திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தன நாள் இங்க படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவ, நீளமா போயிருச்சுன்னா மன்னிச்சுக்குங்க.

நா திருப்பூருங்க, பனியன் கம்பெனில செக்கிங். வீட்டுக்காரர் சாயப்பட்டறை. பையனுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கறான், வீட்டுலருந்து ஒன்றரை கிலோமீட்டர்ல ஒரு தனியார் மெட்ரிகுலேஷன். தெனமும் 3.45க்கு பெல். எங்கம்மா 3.35க்கே போயி கேட்டுக்கு எதுத்தாப்ல வேப்பமரத்தடில நின்னுக்குவாங்க, பையனும் அம்மிச்சிய பாத்துட்டுத்தான் கேட்டத் தாண்டுவான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் 2.05க்கு வாட்சப் குரூப்புல மெசேஜ் போட்டிருக்காங்க, இன்னைக்கு 2.45க்கு ஸ்கூல் விட்ருவோம்னு. டீச்சருங்களுக்கு மீட்டிங்காமா. எங்க கம்பெனில போன லாக்கர்ல வெச்சுப்போட்டுத்தான் உள்ள போகோணும், மறுபடி கைல எடுக்கறது 4 மணி டீக்குத்தான். அம்மாகிட்ட பட்டன் போன், அதுல வாட்சப்பெல்லாம் கெடையாது.

அம்மா எப்பவும்போல 3.35க்குப் போனா கேட்டு பூட்டிக் கெடக்குது. வாட்ச்மேன் எல்லாரும் போயாச்சும்மாங்கறார். அம்மாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

பையன் 2.45க்கு வெளிய வந்து கேட்டோரமா நின்னுருக்கான். கொஞ்ச நேரம் கழிச்சு வாட்ச்மேன் தம்பி இங்க நிக்கக்கூடாது அக்கட்டால போய் நில்லுன்னு சொல்லி கேட்டச் சாத்திருக்கார். தூறல் வேற. இவன் மெயின் ரோட்டப் பாத்து நடந்து போயிருக்கான், லாரி போற ரோடுங்க அது. புண்ணியத்துக்கு ஒரு பேக்கரிக்காரர் பாத்துட்டு, பெல்ட்டுல ஸ்கூல் பேர் இருக்கறதப் பாத்து, உள்ள உக்கார வெச்சு தேங்கா பன்னு குடுத்து, டைரிலருந்து என் நம்பர எடுத்து அடிச்சுருக்கார். லாக்கருக்குள்ள போன் அது பாட்டுக்கு அடிச்சுட்டு கெடந்துருக்கு. 4 மணிக்கு எடுத்தா 14 மிஸ்டு கால்.

இன்னைக்குக் காலைல போயி கேட்டா பிரின்சிபால் மேடம் பொறுமையாத்தான் பேசுனாங்க, அதுல கொற சொல்ல மாட்டேன். ஆனா பேசுனது என்னன்னா, "பெல் அடிச்சு கேட்டத் தாண்டிட்டா ஸ்கூலுக்குப் பொறுப்பு இல்லீங்க மேடம், டைரில போட்டுருக்கு, நீங்க கையெழுத்தும் போட்டுருக்கீங்க". எடுத்துக் காட்டுனாங்க. விதி 11, "பள்ளி நேரம் முடிந்தபின் மாணவரின் பாதுகாப்பிற்கு நிர்வாகம் பொறுப்பல்ல". கீழ என் கையெழுத்து.

இது சட்டமுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பெஞ்ச் – திங்கள், இரவு 11.02

தப்பா எடுத்துக்காதீங்க, மெசேஜ் வந்திருக்கு, நீங்க பாக்கல. ஸ்கூல்காரன் வீடு வீடா வந்து தண்டோரா போட முடியுமா? நாங்கல்லாம் ரெண்டாங்கிளாஸ்லயே தனியா நடந்து வீட்டுக்கு வந்தவங்கதான். எங்கப்பா எந்த கிளாஸ் படிக்கிறன்னே தெரியாம கையெழுத்து போடுவார்.

நூல்கண்டு – திங்கள், இரவு 11.10

நானும் நடந்துதாங்க போனேன், அப்ப அந்த ரோட்டுல மணிக்கு ரெண்டு பஸ்ஸு. 40 நிமிசத்துக்கு முன்னாடி மெசேஜ் போட்டா போன் பாக்க முடியாத வேலைல இருக்கறவங்க என்ன பண்றதுங்க? ஆபீஸ்ல உக்காந்துட்டு போன் பாக்கறவங்களுக்கு மட்டுந்தான் புள்ளைங்க படிக்குதா?

பழைய_பெஞ்ச் – திங்கள், இரவு 11.14

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. அந்த பாயிண்ட் ஒத்துக்கறேன்.

கோர்ட்டு_வராண்டா – செவ்வாய், காலை 6.35

நான் மதுரைல வக்கீலு, சிவில் சைடுதான் அதிகம். இதக் கேட்டுட்டு ஃபீஸ் எவ்வளவுன்னு யாரும் கேக்காதீங்க.

மொதல்ல ஒரு விஷயத்த ஒளிக்காம சொல்லிப்புடறேன். "பெல் அடிச்ச பிறகு இத்தன நிமிஷம் ஸ்கூல்தான் பொறுப்பு"ன்னு ஒரே வரில எழுதி வச்ச சட்டம் நம்ம ஊர்ல இல்ல. அதுனாலதான் ஆளாளுக்கு டைரில விதி 11 எழுதிக்கிடறாங்க. ஆனா வரி இல்லைங்கறதுக்காகப் பொறுப்பு இல்லாமப் போயிராது. கோர்ட்டு பாக்கறது வேற. புள்ள யார் கையில இருந்துச்சு, அந்தக் கைலருந்து எப்ப, எப்படி, யாருகிட்ட போச்சு, போகும்போது இப்படி ஆகும்னு சாதாரண ஆளுக்கே தெரிஞ்சிருக்கணுமா இல்லையா. அம்புட்டுதான்.

ஸ்கூலுக்குள்ள இருக்கற நேரம் வாத்தியார் பெத்தவங்க ஸ்தானத்துல இருக்காருங்கறது பழைய கொள்கை. நம்ம சுப்ரீம் கோர்ட்டே 2001ல ஒரு பெரிய கேஸ்ல இதப் பேசியிருக்கு. 1995ல ஒரு ஸ்கூல் பிக்னிக் கூட்டிட்டுப் போன இடத்துல பியாஸ் ஆத்துல 14 புள்ளைங்க முங்கிச் செத்துப்போச்சுங்க. இமாச்சல் ஹைகோர்ட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட்டும் ஸ்கூல் நிர்வாகம்தான் குடுக்கணும்னு அத உறுதி பண்ணுச்சு. சம்பவம் நடந்தது காம்பவுண்டுக்கு உள்ள இல்ல, ஆத்துல. அதக் கவனிங்க. கேட்டுங்கறது இரும்புல செஞ்சது, அத வச்சு பொறுப்ப அளக்க முடியாது.

உங்க கேஸ்ல முக்கியமான விஷயம் 3.45 இல்ல, 2.45. தினம் ஒரு நேரத்துக்கு விட்டு அத நம்பி ஊரே வந்து நிக்கிற பழக்கத்த அவங்களே உண்டாக்கியிருக்காங்க. அத அவங்களே மாத்துனா, மாத்துனது பெத்தவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாக்கற வேலையும் அவங்களோடதுதான். குரூப்புல போட்டேன் ப்ளூ டிக் வரலங்கறது கோர்ட்டுல எடுபடும்னு எனக்குத் தோணல.

டைரி முழுசாப் படிச்சீங்களா? விடற நேரம் 3.45ன்னு அதுலயே எங்கயாவது அச்சடிச்சிருக்கான்னு பாருங்க.

நூல்கண்டு – செவ்வாய், காலை 6.50

முதல் பக்கத்துலயே இருக்குதுங்க. "பள்ளி நேரம் காலை 9.00 முதல் மாலை 3.45 வரை".

கோர்ட்டு_வராண்டா – செவ்வாய், காலை 6.53

முடிஞ்சு போச்சு. அவங்க எழுதுன விதி 11 படியே பாத்தாலும் அன்னைக்கு "பள்ளி நேரம்" 3.45 வரைக்கும் இருக்கு. 2.45லருந்து ஒரு மணி நேரம் புள்ள அவங்க கணக்குலதான் ரோட்டுல நின்னுருக்கு. ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. வாட்சப் மெசேஜையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருங்க, நாளைக்கு "டிலீட் ஃபார் எவ்ரிஒன்" ஆயிரும்.

லண்டன்_பொடியன் – செவ்வாய், மதியம் 1.20

அக்கா, வாசிக்கேக்க நெஞ்சு பதறுது. பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல எண்டதே பெரிய விஷயம்.

இஞ்ச லண்டனில என்ர மகள் ரிசப்ஷன் எண்ட ஆரம்ப வகுப்பில படிக்கேக்க ரீச்சர் வகுப்புக் கதவடியில நிண்டு, வெளியில ஆர் நிக்கினம் எண்டு பாத்து, பேரைச் சொல்லி ஒவ்வொரு பிள்ளையாத்தான் விடுவா. ஒருநாள் நான் வேலையில நிண்டுட்டன், என்ர தம்பி போனவன். அவன் மகளின்ர சொந்தச் சித்தப்பா, மகளும் சித்தப்பா எண்டு கத்துறாள், எண்டாலும் ரீச்சர் விடேல்ல. ஒஃபிஸால எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டு, நான் ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் விட்டவை. தம்பிக்குச் சரியான கோவம். எனக்கு இல்லை.

வக்கீல் அண்ணை சொன்ன அந்த "நேரத்துக்கு முதல் விடுறது" பற்றி இஞ்ச ஒரு பழைய வழக்கே இருக்குது, 1969 எண்டு நினைவு. அஞ்சு வயசுப் பிள்ளையை பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குச் சில நிமிஷம் முதல் வெளியில விட்டிட்டினம், தாய் வந்து சேரேல்ல, பிள்ளை றோட்டுக்குப் போய் லொறி அடிச்சுப்போட்டுது. சில நிமிஷந்தான். அப்ப இஞ்சத்தைய உச்ச கோர்ட்டா இருந்த லோர்ட்ஸ் சபை வரைக்கும் போய் கடைசியில பள்ளிக்கூடத்தின்ர பக்கம் பிழை எண்டு தீர்ப்பு.

கோர்ட்டு_வராண்டா – செவ்வாய், மதியம் 1.48

அருமை தம்பி. பார்ன்ஸ் எதிர் ஹாம்ப்ஷயர் கவுண்டி கவுன்சில், 1969தான், நினைவு சரி. இங்கிலாந்து தீர்ப்பு நம்ம கோர்ட்ட கட்டுப்படுத்தாது, ஆனா கவனக்குறைவு விஷயத்துல நம்ம ஜட்ஜுங்க அதையெல்லாம் எடுத்துப் படிக்கத்தான் செய்வாங்க, நஷ்டஈடு சட்டமே நமக்கு அங்கருந்து வந்ததுதான. அங்க சில நிமிஷம், இங்க ஒரு மணி நேரம்.

சாக்பீஸ் – செவ்வாய், மாலை 5.40

நான் டீச்சர், சேலம் பக்கம் தனியார் ஸ்கூல், 11 வருஷம். அதனால திட்டறவங்க இப்பவே திட்டிடுங்க, அப்புறம் நான் சொல்றத கேளுங்க.

நூல்கண்டு சொன்னதுல அந்த ஸ்கூல் பண்ணது தப்புதான், சந்தேகமே இல்ல. ஆனா இங்க பேசறது போற போக்கப் பாத்தா கடைசில தலைல விழறது யாருக்குன்னு எனக்குத் தெரியும். என் கிளாஸ்ல 43 பசங்க. 3.30க்கு பெல், 4.10 வரைக்கும் கேட் டூட்டி. கேட் டூட்டிக்கு தனி சம்பளம்லாம் கிடையாது, அது "சேவை". தினமும் ரெண்டு பேர் கண்டிப்பா லேட்டா வருவாங்க, ஒருத்தர் வாரத்துல மூணு நாள் 5 மணி. கேட்டா டிராஃபிக்னு சொல்வார், கைல பஜ்ஜி பொட்டலம் இருக்கும். என் பொண்ணு வேற ஸ்கூல்ல மூணாவது படிக்கறா, அவளும் அங்க அவ கேட்டுல எனக்காக நின்னுட்டு இருப்பா. அந்தப் பக்கத்து டீச்சர் என்னைத் திட்டிட்டு இருப்பாங்க.

பொறுப்பு பொறுப்புன்னு சொல்றீங்களே, அந்தப் பொறுப்ப எடுக்க ஆள் போடச் சொல்லுங்க நிர்வாகத்த. பையன் ஒருத்தன் காணாமப் போனா முதல்ல சஸ்பெண்ட் ஆகறது கிளாஸ் டீச்சர்தான், கரஸ்பாண்டன்ட் இல்ல.

நூல்கண்டு – செவ்வாய், மாலை 6.05

டீச்சருங்கள நா ஒரு வார்த்த சொல்லலீங்க. எங்க பையனோட மிஸ்ஸு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணி அழுதாங்க, அவங்கள மீட்டிங்குக்கு சீக்கிரம் வரச்சொல்லி மேல கூப்புட்டுட்டாங்களாமா.

கோர்ட்டு_வராண்டா – செவ்வாய், மாலை 6.30

டீச்சரம்மா, உங்களுக்குன்னே ஒரு கேஸ் இருக்கு. இதுவும் இங்கிலாந்துதான், 1955, கார்மார்தன்ஷயர் கவுன்சில் எதிர் லூயிஸ். நர்சரி ஸ்கூல்ல ஒரு நாலு வயசுப் பயல். டீச்சர் அவன வெளிய கூட்டிட்டுக் கெளம்பற நேரத்துல இன்னொரு புள்ள விழுந்து அடிபட்டு வருது, அதுக்குக் கட்டுப்போடப் போறாங்க. அந்த பத்து நிமிஷத்துல இவன் கேட்டு வழியா ரோட்டுக்குப் போயிட்டான். லாரிக்காரர் அவன் மேல மோதாம இருக்க வண்டிய ஒடிச்சு, கம்பத்துல மோதி அவரு செத்துப்போயிட்டாரு. வழக்குப் போட்டது அந்த லாரிக்காரர் பொண்டாட்டி. தீர்ப்பு என்ன தெரியுமா? டீச்சர் மேல தப்பு இல்ல, அடிபட்ட புள்ளையத்தான் மொதல்ல பாக்கணும். ஆனா ஒரு நாலு வயசுப் புள்ள தானா தெறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போற மாதிரி கேட்டும் ஏற்பாடும் இருந்துச்சு பாருங்க, அது நிர்வாகத்தோட தப்பு. நஷ்டஈடு நிர்வாகம் குடுக்கணும்.

நான் இத்தனையும் சொல்றது இதுக்குத்தான். யாரு கேட்ட மூடுனதுங்கறத விட, புள்ளைய ஒருத்தர் கைல குடுத்தோமா இல்லையான்னு பாக்க அந்த ஸ்கூல்ல ஒரு ஏற்பாடு இருந்துச்சாங்கறதுதான் கேள்வி. இல்லைன்னா அது டீச்சர் கணக்குல வரக்கூடாது.

சாக்பீஸ் – செவ்வாய், மாலை 6.41

இந்தத் தீர்ப்ப பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம்ல ஒட்டணும் சார்.

மஞ்சவண்டி – செவ்வாய், இரவு 9.15

நான் திருநெல்வேலில ஸ்கூல் வேன் ஓட்டுதேன். எங்களப் பத்தி யாருமே பேசலையே.

நடந்து போற புள்ளைக்கு சட்டத்துல வரி இல்லைன்னு வக்கீல் அண்ணாச்சி சொல்லுதாவ, ஆனா ஸ்கூல் வண்டில ஏறுன புள்ளைக்கு வரி உண்டு. 2012ல தாம்பரம் பக்கம் ஒரு புள்ள ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போற வழில பஸ்ஸுக்குள்ள ஓட்டை வழியா விழுந்து அந்த பஸ் சக்கரத்துலயே போச்சுல்லா, அதுவும் ரெண்டாங்கிளாஸ்தான். ஹைகோர்ட்டு யாரும் கேஸ் போடாமலே தானா கையில எடுத்துச்சு, அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதி வந்துச்சு. அதுலருந்து உதவியாளர் இல்லாம வண்டி எடுக்கக்கூடாது. வருஷா வருஷம் மே மாசம் ஆர்டிஓ கிரவுண்டுல நிறுத்தி தரைப் பலகைய மிதிச்சுப் பாப்பாவ, எமர்ஜென்சி டோர தொறந்து பாப்பாவ, முதலுதவிப் பொட்டிய தொறந்து மருந்து தேதி பாப்பாவ. 2022ல சென்னைல ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ரெண்டாங்கிளாஸ் பையன் போனான், அதுக்கப்புறந்தான் முன்னாடி பின்னாடி கேமராவும் சென்சாரும் கட்டாயம்னு விதிய மாத்துனாவ. எல்லா விதிக்கும் பின்னாடி ஒரு புள்ள இருக்கு பாத்துக்கிடுங்க.

எங்க வண்டில ஆயாம்மா இறங்கி, புள்ளையக் கைல புடிச்சு, வீட்டாள் கைல குடுத்துட்டு வந்து கதவத் தட்டுனாத்தான் நான் கியர் போடுவேன். ஆளு இல்லைன்னா இறக்க மாட்டோம், சுத்தி முடிச்சுட்டு கடைசில திரும்ப வருவோம், அப்பவும் இல்லைன்னா ஸ்கூலுக்கே கொண்டுட்டுப் போயிருவோம். ஒருநாள் எட்டரை மணிவரைக்கும் ஒரு புள்ள ஆபீஸ் ரூம்ல என்கூட உக்காந்து இட்லி தின்னுச்சு. மறுநாள் அவங்கப்பா கைல அல்வாவோட வந்தாரு.

பழைய_பெஞ்ச் – செவ்வாய், இரவு 9.30

அப்ப வேனுக்கு காசு கட்டற புள்ளைக்கு ஆயாம்மா கைப்புடிச்சு குடுப்பாங்க, நடந்து போற புள்ளைக்கு கேட்டச் சாத்திடுவாங்க. ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸ். இத இப்பதான் யோசிக்கறேன்.

தாத்தா1956 – புதன், காலை 5.10

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சை மாவட்டம், அரசுத் தொடக்கப்பள்ளி. டைப் பண்ண மெதுவாகத்தான் வரும்.

எங்கள் பள்ளியில் காம்பவுண்டு சுவரே கிடையாது, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தார் ரோடு. மணி அடித்ததும் தெரு வாரியாக வரிசை நிற்க வைப்போம். கீழத்தெரு, மேலத்தெரு, காலனி, வாய்க்கால் கரை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு ஐந்தாம் வகுப்பு, பின்னால் ஒரு ஐந்தாம் வகுப்பு. நடுவில் சின்னதுகள். வாய்க்கால் கரை வரிசையோடு மட்டும் ஒரு ஆசிரியர் மதகு வரைக்கும் போய் வருவார். ஆடி மாசத்தில் தண்ணீர் திறந்து விட்டால் நானே போவேன். இதற்கு அரசாணை எதுவும் எனக்கு யாரும் அனுப்பவில்லை. எனக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர் செய்தார், நானும் செய்தேன்.

ஒரு விஷயத்தில் டீச்சரம்மாவோடு உடன்படுகிறேன். எனக்கு அப்போது மொத்தம் 61 பிள்ளைகள்தான். இரண்டாயிரம் பிள்ளை உள்ள பள்ளியில் இது நடக்காது, வேறு வழி வேண்டும்.

நூல்கண்டு – புதன், காலை 6.20

ஐயா நீங்க சொன்னதப் படிச்சு அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். அவங்க காலத்துலயும் தெரு வரிசைதானாம்.

சாக்பீஸ் – புதன், காலை 7.05

ஒரு சந்தேகம் வக்கீல் சார். பெரிய பசங்க விஷயம் என்ன? எங்க ஸ்கூல்ல டென்த்துக்கு ஸ்பெஷல் கிளாஸ் 6.30 வரைக்கும். டிசம்பர் மாசம்லாம் 6 மணிக்கே இருட்டிடும். பொண்ணுங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு முக்கால் கிலோமீட்டர் நடக்கணும், நடுவுல டாஸ்மாக். அப்புறம் பசங்க பஸ் ஸ்டாண்ட்ல அடிச்சுக்கறாங்க, யூனிஃபார்மோட வீடியோ வந்துட்டா எங்களைத்தான் கூப்பிட்டு கேக்கறாங்க. அதுக்கும் நாங்க பொறுப்பா?

கோர்ட்டு_வராண்டா – புதன், மதியம் 2.10

ரெண்டும் வேற வேற.

ஸ்பெஷல் கிளாஸ் வச்சது ஸ்கூல். இருட்டற நேரம் தெரியும், வழி தெரியும், வழில என்ன கடை இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சே தாமதமா விட்டா, போற வழிக்கு நியாயமா என்ன பண்ணீங்கன்னு கேள்வி வரும். ஒரு வேன் விடலாம், பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கி வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லலாம், இல்ல கிளாஸையே காலைல வைக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு சண்டை அப்படி இல்ல. 16 வயசுப் பய வீட்டுக்குப் போற வழில எவனையோ அடிச்சா ஸ்கூல் எப்படிப் பொறுப்பாகும்? வெளிநாட்டுலயும் கோர்ட்டுங்க பொதுவா இங்கதான் கோடு போடுதுங்க, நியூயார்க்ல 1976லயே புள்ளைய முறையான பஸ் ஸ்டாப்புல இறக்கிவிட்டதோட பள்ளியோட பொறுப்பு முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா மத்தியானமே ரெண்டு குரூப்பு அடிச்சுக்கிட்டு, "வெளிய வா பாத்துக்கறேன்"ன்னு ஒரு பய வாத்தியார் காதுபட சொல்லி, அதையும் கேட்டுட்டு ஒண்ணும் பண்ணாம 4 மணிக்கு ரெண்டு பேரையும் ஒரே கேட்டுல விட்டா அது வேற கதை. என்ன வயசு, எவ்வளவு தூரம், முன்னாடியே என்ன தெரியும். இந்த மூணையும் வச்சுத்தான் எடை போடுவாங்க.

பழைய_பெஞ்ச் – புதன், மதியம் 2.25

இதுல போலீஸ் கேஸ் ஏதும் வராதா? கன்ஸ்யூமர் கோர்ட்? ஃபீஸ் வாங்கறாங்கல்ல.

கோர்ட்டு_வராண்டா – புதன், மதியம் 3.00

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க. 2020ல தேசிய நுகர்வோர் ஆணையமே படிப்பு சொல்லிக் குடுக்கறது, அதோட சேந்த பிக்னிக் நீச்சல் எல்லாமே நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிருச்சு.

போலீஸ் பக்கம், சிறார் நீதிச் சட்டம் 2015ல 75ஆம் பிரிவு இருக்கு. புள்ளைய தன் பொறுப்புல வச்சிருக்கறவங்க வேணும்னே கவனிக்காம விட்டா மூணு வருஷம் வரைக்கும், அதே ஆளு புள்ளைங்கள பாத்துக்கறதுக்குன்னு இருக்கற நிறுவனத்துல வேலை பாக்கறவரோ அத நடத்தறவரோன்னா அஞ்சு வருஷம், அஞ்சு லட்சம் அபராதம் வரைக்கும். எழுத்துல பாக்க பயமா இருக்கும், ஆனா அந்த "வேணும்னே"ங்கறத நிரூபிக்கறது லேசு இல்ல. உசிரே போயிருந்தா புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106, கவனக்குறைவால மரணம், பழைய சட்டத்துல ரெண்டு வருஷம் இருந்தது இப்ப அஞ்சு. வண்டி அடிச்சிருந்தா வாகன விபத்துத் தீர்ப்பாயம், அது வண்டிக்காரர் இன்சூரன்ஸ் மேல.

இந்தத் தங்கச்சி விஷயத்துல ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாதப்ப நஷ்டஈடு கேக்க பெருசா எதுவும் இல்ல, ஆனா எழுதிக் குடுக்க இதான் சரியான நேரம். எழுத்துல குடுத்துட்டா நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாதுல்ல, அதான் அந்த லெட்டரோட வெலை. ஒரு காப்பி மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அதுக்கும் அசையலன்னா கல்வித்துறை நம்பர் 14417, புள்ளைங்களுக்கான உதவி எண் 1098. மத்திய அரசு 2021ல ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு, புள்ளைங்க பாதுகாப்புல நிர்வாகத்துக்கும் தலைமையாசிரியருக்கும் என்ன பொறுப்புன்னு. குருகிராம்ல 2017ல ஸ்கூலுக்குள்ளயே ஒரு பையன் கொலையானான்ல, அவங்கப்பா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனதுலருந்து வந்தது அது. லெட்டர்ல அதையும் ஒரு வரி சேருங்க.

விதி 11ல போட்ட கையெழுத்துக்கு பயப்படாதீங்க. தன் கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்கிக்கறது ஏழு வயசுப் புள்ள விஷயத்துல செல்லும்னு எந்த ஜட்ஜும் லேசுல ஒத்துக்க மாட்டார். ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவு, பொதுநலத்துக்கு விரோதமானது செல்லாது.

லண்டன்_பொடியன் – புதன், மாலை 4.30

அக்கா, கடிதம் எழுதேக்க கத்திப் பேசுற மாதிரி எழுதாதேங்கோ. இன்னின்னது நடந்தது, இன்னின்னது செய்யுங்கோ எண்டு மட்டும் எழுதுங்கோ. பிள்ளை அங்கதானே நாளைக்கும் போகப்போகுது.

நூல்கண்டு – புதன், இரவு 10.15

அதாங்க எனக்கும் பயம். நாளைக்கு பையன தனியா உக்கார வெச்சுருவாங்களோன்னு. வீட்டுக்காரர் விட்ருங்கறார். அம்மாதான் எழுதிக் குடு சாமி, இன்னொரு புள்ளைக்கு ஆகக்கூடாதுன்னு சொல்லுது.

மஞ்சவண்டி – புதன், இரவு 10.20

தனியா குடுக்காதீங்க. அந்த வேப்பமரத்தடில தெனமும் நிக்கற ஆட்கள் எத்தன பேரு?

நூல்கண்டு – புதன், இரவு 10.24

இருவது இருவத்தஞ்சு பேர் நிப்போமுங்க, பாதிப்பேரு பாட்டிங்கதான்.

மஞ்சவண்டி – புதன், இரவு 10.25

அப்புறம் என்ன.

நூல்கண்டு – அடுத்த வெள்ளி, இரவு 9.50

நடந்தத சொல்லிப்போடறேன்.

லெட்டருல 19 கையெழுத்துங்க, அதுல 7 கைநாட்டு. வக்கீல் சார் சொன்னாப்ல எழுதுனது, ஒன்றரைப் பக்கம்தான். நாலு விசயம் கேட்டோம். நேரத்த மாத்துனா மொதநாளே டைரில எழுதி கையெழுத்து வாங்கோணும். அவசரம்னா போன் போட்டு எடுக்கற வரைக்கும் புள்ளைய வெளிய விடக்கூடாது. எல்கேஜிலருந்து அஞ்சாவது வரைக்கும் வீட்டாளுகிட்ட கைல குடுக்கோணும். மழைனா உள்ள உக்கார வெக்கோணும்.

திங்கக்கிழமை குடுத்தோம். பிரின்சிபால் மேடம் வாங்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லல. புதன்கிழமை கரஸ்பாண்டன்ட் கூப்புட்டார். மொதல்ல ஒரே சத்தம், யார் உங்களுக்கு இதெல்லாம் எழுதிக் குடுத்தாங்க, கட்சியா சங்கமான்னு. நா டைரி முதல் பக்கத்தயும் விதி 11யும் ஒட்டுக்கா அவருக்கு முன்னால விரிச்சு வெச்சேன். 3.45ங்கறத வெரல வெச்சு காட்டுனேன், வாய தொறக்கல. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். பொறகு காபி சொல்லவான்னு கேட்டார்.

ஒத்துக்கிட்டது: எல்கேஜிலருந்து ரெண்டாவது வரைக்கும் கார்டு. புள்ள போட்டோ, கூட்டிட்டுப் போறவங்க மூணு பேரோட போட்டோ. கார்டக் காட்டி நோட்டுல கையெழுத்து போட்டாத்தான் புள்ள. டூட்டிக்கு ரெண்டு ஆயாம்மா புதுசா போடறாங்களாமா. மூணாவது அஞ்சாவதெல்லாம் முடியாதுன்னுட்டார், ஆள் பத்தாதாம். விதி 11 அடுத்த வருச டைரில மாத்தறோம்னார், மாத்துவாங்களான்னு தெரில. கல்வி ஆபீசுக்கு அனுப்புன காப்பிக்கு பதில் ஒண்ணும் வரல.

வாட்ச்மேன நிறுத்திட்டாங்க. அதுதான் மனசுக்கு ஒப்பல. அவரு கேட்டச் சாத்தச் சொன்னாங்க, சாத்துனார்.

சாக்பீஸ் – அடுத்த வெள்ளி, இரவு 10.05

நான் முதல்ல என்ன சொன்னேன்.

கோர்ட்டு_வராண்டா – அடுத்த வெள்ளி, இரவு 10.12

ஆமா டீச்சரம்மா. அந்த வாட்ச்மேனுக்காகவும் ஒரு கடிதம் எழுதலாம், அது வேற சட்டம். தங்கச்சி, அவருக்கு இஷ்டம்னா என் பெட்டிக்கு செய்தி அனுப்பச் சொல்லுங்க. கார்டு மாடல் போட்டோ இருந்தா போடுங்க, புள்ள மூஞ்சிய மறைச்சுட்டு.

மஞ்சவண்டி – அடுத்த வெள்ளி, இரவு 10.20

நோட்டுல டைம் எழுதுதாங்களா, இல்ல வெறுங்கையெழுத்தா? டைம் எழுதச் சொல்லுங்க, அதான் பின்னாடி பேசும்.

நூல்கண்டு – அடுத்த வெள்ளி, இரவு 10.26

எழுதறாங்க. இன்னைக்கு 3.51, அம்மா கைநாட்டு. இங்க்கு பேடு புதுசு போலிருக்குது, பையன் வீடு வந்து சேர்றவரைக்கும் அம்மிச்சி வெரலப் புடிச்சுட்டு வந்து அவன் சட்டையெல்லாம் நீலம்.